பாலைவனத்துக்கு எத்தனை பேர்?

அத்தியாயம் 11

இரண்டு வருடத்தில் கணவனும் மனைவியும் ஒத்துப்போன விஷயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, பிரிந்துவிடுவது. இன்னொன்று, அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் பாப்பாவிடம் சொல்லிவிடுவது.

வியாழக்கிழமை வக்கீலின் அறையில் இருவரும் கையெழுத்துப் போட்டதைப் போன வாரம் பார்த்தோம். வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்றபடி, யார் வாயைத் திறப்பது என்று கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அவர், "பெத்தவ நீ. நீ சொன்னாத்தான் அவ தாங்குவா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கஷ்டமான வேலை வந்தால் அதைப் பெண்டாட்டி தலையில் கட்டுவதில் மட்டும் மனுஷர் என்றைக்குமே தாமதம் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. அவள் விடியும் முன்பே எழுந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசத் தெரியாதவள் இல்லை அவள். பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடித் தடுப்பில் இருக்கும் அரைவட்ட ஓட்டையில் வாயை வைத்து, யார் எந்த ஊரைக் கேட்டாலும், புத்தகத்தைப் புரட்டாமல் நேரத்தையும் நடைமேடையையும் சொல்லிவிடுவாள். டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அவள் 'என்கொயரி அக்கா'. அப்படிப்பட்டவளுக்கு, 'நானும் அப்பாவும் இனிமே தனித்தனியா இருக்கப் போறோம்' என்ற ஒற்றை வாக்கியம் மட்டும் வாயில் வர மறுத்தது.

அவர் சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எத்தனை தேய்த்தாலும் விரல் நகத்தோரம் கிரீஸ் போகாது. தெருவுக்கே அவர் லிஃப்ட்காரர்தான். கம்பெனி கோடவுனுக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை ஒண்ணாந்தேதியிலிருந்து பேசி வைத்திருந்தார்.

"அவ எழுந்தாச்சா?" என்றார், டீயைப் பார்த்தபடி.

"குளிக்கறா."

"இன்னிக்கே சொல்லணுமா?"

"சொல்லணும்."

பாத்ரூம் கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் நீளமாகச் சுருட்டிய காகிதத்தோடு பாப்பா வந்தாள். இருபத்துநாலு வயது ஆகிறது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், இன்னும் வீட்டில் பாப்பாதான்.

"பாப்பா, கொஞ்சம் உக்காரு. உங்கிட்ட..."

"அம்மா, நீ மொதல்ல கண்ண மூடு."

"எதுக்குடி? நான் ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லு. மூடேன்!"

மூடினாள். செலோடேப் கிழியும் சத்தம் கேட்டது. பீரோ கதவில் எதையோ ஒட்டுகிறாள்.

"ம், இப்பத் தொற."

ஆளுயரத்துக்கு ஒரு வரைபடம். பாப்பா கையாலேயே வரைந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'பாலைவனம் - ஐந்து நாள்'. ரத்தக் குழாய்களில் ஒட்டும் சிவப்பு, ஊதா, பச்சை, மஞ்சள் ஸ்டிக்கர்கள் படம் முழுக்க ஒட்டியிருந்தன. லேபில் எத்தனை அட்டையைக் காலி செய்தாளோ.

"என்ன இது?"

"டூர். நாம மூணு பேரும். வர்ற மாசம் பத்தாந்தேதி கெளம்பறோம், பதினாலு திரும்பறோம். டூர் ஆபீஸ்ல பேர் குடுத்தாச்சு. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு, நீங்க ரெண்டு பேரும் சேந்து எங்கயாவது போயிருக்கீங்களா? ஊருக்கெல்லாம் பஸ் டைம் சொல்ற, நீ எந்த பஸ்லயாவது ஏறியிருக்கியா? இது என் பரிசு. வேணாம்னு மட்டும் சொல்லக் கூடாது."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் டீ டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

"பாலைவனத்துக்கா? அங்க போயி என்னடி பண்றது, மணல எண்றதா?" என்றாள்.

"எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. மணல் இதுல ஒரே ஒரு நாள்தான். இங்க பாரு." பாப்பா ஒரு கரண்டியை எடுத்துப் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி நீட்டினாள். "மொத நாள் செவப்பு ஸ்டிக்கர். செம்பாறைப் பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் பாற, நடுவுல ரெண்டு ஆள் நடக்கற அளவுக்கு வழி. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மட்டும்தான் அடிவரைக்கும் வெயில் எறங்கும், அந்த அர மணி நேரம் பாறயே தணல் மாதிரி இருக்குமாம். மறுநாள் உப்புச் சமவெளி. பனி கொட்டின மாதிரி வெள்ளையா, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். அதோட ஓரத்துல தண்ணி நிக்கும். அங்க பூநாரைங்க வரும், ஆயிரக்கணக்குல."

"பாலைவனத்துல பறவையா?"

"பறவை மட்டுமா, ஊத்து இருக்கு. பச்சை ஸ்டிக்கர் பாரு. நாலு பக்கமும் காஞ்சு கெடக்கும், நடுவுல பேரீச்ச மரமா ஒரு தோப்பு. அதுக்குள்ள வெந்நீர் ஊத்து, கால விட்டுட்டு உக்காந்தா மூட்டு வலி போயிடும்னு எழுதியிருக்கான். உனக்குத்தான் அது. அப்புறம் கல்லாப் போன மரங்க. நெஜ மரம்மா, லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது, அப்படியே கல்லாக் கெடக்கு. அப்பாவுக்கு மலை மேல கயித்துப் பாதை."

அவர் தலை நிமிர்ந்தது.

"அது ஒத்தக் கம்பியா, ரெட்டக் கம்பியா?"

பாப்பா சிரித்துவிட்டாள். "லீவுல போயும் கம்பியத்தான் பாப்பாரு!"

"இல்லம்மா, பழைய கயித்துப் பாதைன்னா மோட்டார் மேல் ஸ்டேஷன்லதான் இருக்கும். கேட்டா காட்டுவானுங்க" என்று எழுந்து வந்து படத்தின் பக்கத்தில் நின்றார்.

இப்போது சொல்லியாக வேண்டும், இந்த நிமிஷமே சொல்லியாக வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கண் என்னவோ வரைபடத்தின் ஓரத்தில் பாப்பா எழுதியிருந்த நேரங்களில் போய் ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடப் பழக்கம்.

"இந்த ஆறே கால் பஸ்ஸ நீங்க பிடிக்கவே முடியாது" என்றாள்.

"ஏன்?"

"உப்புச் சமவெளியிலேருந்து நாலரைக்குக் கெளம்பறதா போட்டிருக்க. ரெண்டு மணி நேரப் பாதை. ஆறரை ஆயிடும். அடுத்த பஸ் எப்ப?"

"எட்டு மணிக்கு."

"அப்ப பூநாரைய காலையில வச்சுக்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு மூணு மணிக்கே கெளம்பிடணும்."

"காலையிலன்னா குளுருமே" என்றார் அவர்.

"பாலைவனத்துல எங்கங்க குளிரு?"

"அங்கதான் குளிரு. வெயில் எறங்கினா நடுங்கும். பாப்பா, ஸ்வெட்டர் எழுதிக்கோ."

"எழுதியாச்சுப்பா."

மூன்று பேரும் பீரோ முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். வெந்நீர் ஊற்றுக்கு முதலில் போவதா, கல் மரத்துக்கு முதலில் போவதா என்று அவளும் அவரும் வாய்க்கு வாய் பேசினார்கள். ஊற்று கடைசியில்தான் இருக்க வேண்டும், அலுப்புத் தீரும் என்றாள் அவள். நனைந்த துணியைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வருவாயா என்றார் அவர். "ஆமா, இவரு துவைக்கப் போறாரு பாரு" என்று அவள் ஒரு போடு போட, அவர் சத்தமாகச் சிரித்தார்.

சிரித்தபோது பார்த்தாள். அவருடைய முன்பல்லின் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது. எப்போது உடைந்தது, எதில் இடித்துக்கொண்டார், வலித்ததா, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷரின் பல் அது.

அந்த நேரம் பார்த்து பாப்பாவின் போன் அடித்தது.

"டூர் ஆபீஸ்! நீங்களும் கேளுங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

"வணக்கம் மேடம்" என்றது ஒரு பெண் குரல், தேன் தடவிய மாதிரி. "பத்தாந்தேதி பாலைவனம் டூர், மூணு பேர். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்க பட்டியல அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது. அப்புறம் மேடம், சார் சொன்ன மாதிரியே கூடாரத்த மாத்தியாச்சு. உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒண்ணு, சாருக்குத் தனியா ஒண்ணு. லாட்ஜுலயும் எல்லா ஊர்லயும் அப்படியே போட்டாச்சு. அம்மாவுக்கு மலைப்பாதையில குமட்டும்னு சார் சொன்னாரு, வண்டியில அவங்களுக்கு முன் சீட்டு எழுதிட்டேன்."

"சரிங்க, தேங்க்ஸ்" என்று பாப்பா போனை வைத்தாள். முகத்தில் குறும்பு. "என்னப்பா இது திருட்டுத்தனம்? உங்க குறட்டைக்குப் பயந்து தனிக் கூடாரமா? இருபத்தாறு வருஷமா கேட்டவங்க, இன்னும் அஞ்சு நாள் கேக்க மாட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள். முகம் மெல்லச் சுண்டியது.

"என்ன?"

"உக்காரு பாப்பா" என்றாள் அவள்.

"நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு."

காலையிலிருந்து ஓட்டிப் பார்த்த வாக்கியம் மறந்து போயிற்று. வந்தது வேறு. "அப்பா வேற வீடு பாத்திருக்காருடி. ஒண்ணாந்தேதியிலேருந்து."

"வேற வீடுன்னா? நாம மாறப் போறோமா?"

"நாம இல்ல. அவரு மட்டும்."

பாப்பாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபின் அவள் கேட்ட குரல், லேபில் வரும் நோயாளியிடம் விவரம் கேட்கும் குரல்.

"எப்ப முடிவு பண்ணினீங்க?"

"வியாழக்கிழம கையெழுத்துப் போட்டோம். வக்கீல்கிட்ட."

"வியாழக்கிழமயா?" பாப்பா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "புதன்கிழம சாயங்காலம் உங்க கம்பெனி வாசல்ல வந்து நின்னேனேப்பா. அம்மாவுக்குச் சொல்லாதீங்க, லீவு மட்டும் கேட்டு வைங்கன்னு இந்தத் திட்டத்த நகல் எடுத்துக் கையில குடுத்தேனே. கெடைக்கும்னு தலைய ஆட்டினீங்க. மறுநாள் போயி கையெழுத்துப் போட்டீங்களா?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "உன் மொகத்தப் பாத்தப்ப வாய் வரலம்மா."

"வாய் வரல. ஆனா போன் பண்ணி கூடாரத்தப் பிரிக்க வந்துச்சு."

"பாப்பா..."

"யாரு கேட்டது? மொதல்ல யாரு பிரியலாம்னு சொன்னது?"

"நான்தான்" என்றாள் அவள்.

"ஏம்மா?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் மகளிடம் சொல்லக்கூடிய அளவுக்கு அது பெரிதாக இல்லை. அதுதான் கொடுமை. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இரண்டு வருடம் முன்னால் கர்ப்பப்பையை எடுத்த அன்று, மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. ஏதோ கட்டடத்தில் ஐந்து பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள், போயிருந்தார். அது தப்பென்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. மறுநாள் காலையில் வந்தார். ஜன்னலோரம் நின்றுகொண்டு அந்த லிஃப்டில் என்ன பழுது என்பதைக் கால்மணி நேரம் நர்ஸிடம் விவரித்தார். 'எப்படி இருக்க' என்று மட்டும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் பேச்சைக் குறைத்தாள். ஏன் குறைத்தாய் என்றும் அவர் கேட்கவில்லை. இப்படியே கேட்காமல் கேட்காமல் இரண்டு வருடம் ஓடி, வக்கீலின் அறையில் போய் நின்றது.

இதை எப்படிப் பெண்ணிடம் சொல்வது?

"ஒத்து வரலடி" என்றாள்.

பாப்பா தலைத் துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் தினம் அறுபது பேருக்கு ஊசி குத்தறேம்மா. சின்னக் கொழந்தையா இருந்தாக்கூட, 'இப்பக் குத்தப் போறேன், கொஞ்சம் வலிக்கும்'னு சொல்லிட்டுத்தான் குத்துவேன்."

குரல் உடைந்தது. ஈரத் தலையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"புதன்கிழமையே தெரியும் உங்களுக்கு" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. "தெரிஞ்சே என்னை உக்கார வச்சு, என்னை வாக்கியம் தேட வச்சு, அவள வரைபடம் ஒட்ட வச்சு... மனசு என்ன மனசுங்க உங்களுக்கு?"

"போயிட்டு வந்து சொல்லிக்கலாம், ரூமையும் தள்ளிப் போட்டுக்கலாம்னு நெனச்சேன். அஞ்சு நாள் அவ சந்தோஷமா இருக்கட்டும்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீதான் பேசறதில்லையே."

"ஏன் பேசறதில்லன்னு கேட்டீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, சட்டைப் பையில் கம்பெனி போன் அலறியது. எடுத்தார். "எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடில நிக்குது?" என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கேட்டுக் கேட்டுக் காது புளித்த கேள்விகள்.

போனை வைத்துவிட்டு, வழக்கம்போல் கருவிப் பெட்டியை எடுத்தார். வாசல்வரை போனார். நின்றார்.

"உள்ள ஆள் யாரும் மாட்டல. சும்மா நின்னு போயிருக்கு. வேற யாரையாவது போகச் சொல்லலாம்." கொஞ்சம் தயங்கினார். "நான் இருக்கட்டுமா?"

இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்டிராத கேள்வி. எத்தனையோ நாள், எத்தனையோ நேரம், இந்த ஒரு சொல்லுக்காக அவள் ஏங்கியிருக்கிறாள். இப்போது அது வந்து எதிரே நின்றபோது, நெஞ்சில் இருந்த ஆத்திரமெல்லாம் திரண்டு நாக்கு நுனியில் ஏறிக்கொண்டது.

"போங்க" என்றாள். "கட்டடத்துக்காரங்க காத்திருப்பாங்க."

அவர் போனார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அந்த மெதுவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மத்தியானம் முழுக்கப் பாப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. லேபுக்குச் செய்தால், ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. பீரோவில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பாப்பா எதையும் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் நாள் மணல்மேட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'அம்மாவால ஏற முடியலன்னா நானும் அப்பாவும் ஆளுக்கொரு கை' என்று எழுதியிருந்தாள். பூநாரைக்குப் பக்கத்தில், 'அப்பா மூக்குக் கண்ணாடிய மறக்காம எடுத்துக்கச் சொல்லணும்'. எத்தனை ராத்திரி கண் விழித்து எழுதினாளோ.

அவருக்கும்தான் எத்தனை ஆசை. ஒற்றைக் கம்பியா, ரெட்டைக் கம்பியா என்று கேட்கும்போது முகத்தில் எத்தனை வெளிச்சம். போகட்டும், அப்பனும் பெண்ணும் போய் வரட்டும். தான் கூட இருந்தால்தானே முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டிவரும். தான் ஒருத்தி விலகிவிட்டால் அந்த ஐந்து நாளாவது அவர்களுக்கு மிஞ்சும்.

ஐந்து மணிக்கு, வரைபடத்தின் அடியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து டூர் ஆபீஸுக்குப் போன் செய்தாள். காலையில் பேசிய அதே தேன் குரல்.

"பத்தாந்தேதி டூருங்க. மூணு பேர் போட்டிருந்தோம். அதுல அம்மா பேர எடுத்துடுங்க. அப்பாவும் பொண்ணும் மட்டும் வருவாங்க."

எதிர்முனையில் தட்டச்சு சத்தம். நின்றது.

"அம்மா பேரா மேடம்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சார் இல்லையா?"

"அம்மா பேருதாங்க. நான்தான் பேசறேன்."

"இல்ல மேடம்... மத்தியானம் சார் போன் பண்ணினாரு. தன் பேர எடுத்துடுங்க, அம்மாவும் பொண்ணும் மட்டும் போறாங்கன்னாரு. நான் அப்பவே எடுத்துட்டேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"கயித்துப் பாதைக்கு அம்மா பயப்படுவாங்க, கட்டாயப்படுத்த வேணாம்னு வேற எழுதிக்கச் சொன்னாரு" என்றது அந்தக் குரல். பிறகு, தயங்கித் தயங்கி, "மேடம், நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்றது.

"ம்."

"அப்ப உங்க பேரையும் எடுத்துட்டா, பட்டியல்ல உங்க பொண்ணு மட்டும்தான் இருப்பாங்க. அவங்க தனியாவா போறாங்க?"

கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெள்ளையாக, பனி கொட்டின மாதிரி. அதன் நடுவில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பாப்பா ஒருத்தி. இரண்டு பக்கமும் இரண்டு பேர், அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"மூணு பேர்" என்றாள் அவள். "யார் பேரையும் எடுக்காதீங்க. சார் பேர திரும்பச் சேத்துடுங்க."

"சார்கிட்ட ஒரு வார்த்தை..."

"நான் கேட்டுக்கறேன்."

"சரி மேடம். கூடாரம் ரெண்டுதானே?"

பாப்பா இனி தன் பக்கத்தில் வந்து படுப்பாளா என்று யோசித்தாள். காலையில் அவள் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது.

"மூணா போட்டுடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

உடனே அவருக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பார். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே. ஆறு முறை போட்டாள். இரண்டு வருடத்தில் அவருக்கு அவள் மொத்தமாகச் செய்த போன் அத்தனை இருக்காது.

ஆறு மணி தாண்டி வாசல் பூட்டில் சாவி திரும்பியது. பாப்பா. தலை காய்ந்து, சீவாமல், முடி கன்னாபின்னாவென்று கிடந்தது. அழுது ஓய்ந்த முகம். நேரே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எங்கடி போன? எத்தன தடவ போன் பண்றது? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"லேபுக்குப் பக்கத்துல ஒரு பெண்கள் விடுதி இருக்கும்மா. போயி ரூம் பாத்துட்டு வந்தேன்."

"ரூமா? யாருக்கு?"

"எனக்குத்தான்." மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். கோபம் இல்லை, அதைவிட மோசமான ஒரு நிதானம் இருந்தது. "நீங்க வீட்டப் பிரிக்கறப்ப என்னையும் பிரிக்கணும்ல. யார்கூட இருக்கேன்னு நீ கேப்ப. அப்பாவும் கேப்பாரு. உன்கூடன்னா அப்பா அந்தப் புது வீட்ல தனியா உக்காந்து அழுவாரு. அவர்கூடன்னா நீ அழுவ. எனக்கு அந்தக் கேள்வி வேணாம்மா. யாரும் எங்கிட்ட அதக் கேக்கக் கூடாது. அதான்."

"பைத்தியமாடி உனக்கு? இது உன் வீடு."

"இன்னிக்குக் காலையில வரைக்கும்."

அவள் மகளின் கையைப் பிடித்தாள். பாப்பா விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

"டூருக்கு மூணு பேர்னு சொல்லிட்டேன் பாப்பா. நாம போறோம்."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"இன்னும் இல்ல."

பாப்பா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாப்பா சாத்தாமல் விட்ட வாசல் கதவுக்கு அந்தப் பக்கம், கருவிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"எப்பலேருந்தும்மா விடுதி?" என்று மகளிடம் கேட்டார்.

"ஒண்ணாந்தேதியிலேருந்துப்பா. உங்களோடவே."

அவர் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். வீடு தனக்கு, பெண் தனக்கு, அவர் மட்டும் இல்லாமல் ஒரு வாழ்க்கை என்று அவள் மனசுக்குள் கட்டி வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த நிமிஷத்தில் சரிந்தது. அன்றைக்கு இந்த மூன்றாம் மாடி வீட்டின் கதவை உள்ளிருந்து தாழிடப் போகிறவள் அவள் ஒருத்திதான்.